வடக்குப் பக்கம் பாக்கி

வீட்டை விட்டுக் கிளம்பும்போது முனிராஜ் வாசல் சாக்கடையைத் தாவித்தான் போவார். குறுக்கே கல் இல்லாமல் இல்லை. வாசற்படியிலிருந்து இரண்டு எட்டு தள்ளி, அகலமாக ஒரு கருங்கல் கிடந்தது. ஜோகுபாளையத்தின் அந்தச் சந்தில் குடியிருந்த அத்தனை பேரும், பால்காரரின் எருமை உட்பட, அதன் மேல்தான் போய்வந்தார்கள். முனிராஜ் மட்டும் அதை மிதித்ததில்லை. கால்சட்டையை முழங்கால் பக்கம் ஒரு கையால் லேசாகத் தூக்கிக்கொள்வார். ஒரே தாவு. அந்தப் பக்கம் இறங்கியதும் ஒன்றும் நடக்காதது போல நடந்து போவார்.

கல்யாணமான மறுநாள் பாஞ்சாலி இதைப் பார்த்தாள். புதுப் பெண்டாட்டியிடம் காட்டிக்கொள்வதற்காகத் தாவுகிறார் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். பத்து வருஷம் கழித்தும் தாவினார். தனக்காக இல்லை என்பது அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியானால் யாரிடம் காட்டுகிறார்? சாக்கடையிடமா? கேட்டதற்கு, கல் ஆடுகிறது என்றார். எருமைக்கு ஆடாத கல்.

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. அடுப்பின் முன்னால் உட்கார்ந்தபடியே சத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டாள். முதல் வருஷங்களில் 'தப்' என்று ஒரே சத்தம். தேசத்துக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அது 'தப்... தப்' ஆயிற்று. இரண்டாவது கால் கொஞ்சம் பின்தங்கி வந்தது. இன்னும் சில வருஷம் போனதும் கடைசியில் 'ம்ஹ்' என்று ஒரு மூச்சும் சேர்ந்துகொண்டது. மனிதருக்கு வயதாகிறது என்று அவளிடம் சொன்னது அந்த 'ம்ஹ்'தான்.

ஆனால் எந்த வயது என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. முனிராஜுக்கு வயது இரண்டு. அதாவது, வீட்டு வயது ஒன்று, ரெகார்டு வயது ஒன்று.

வீட்டு வயதின்படி அவர் பிறந்தது, அல்சூர்ப் பட்டாளம் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயிலேறி முதல் சண்டைக்குப் போன வருஷம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு, கார்த்திகை மாதம். அதே வாரத்தில் அடுத்த வீட்டில் சில்வெஸ்டர் பிறந்தார். ஒரே மருத்துவச்சி இரண்டு வீட்டுக்கும் மாறி மாறி ஓடினாளாம். சில்வெஸ்டரின் தேதியை மாதா கோயிலில் ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதி, சாமியார் கையெழுத்தும் போட்டிருந்தார். முனிராஜின் தேதியை எழுதி வைக்க ஆள் இல்லை. அது அவருடைய அம்மாவின் வாயில் மட்டும் இருந்தது. அம்மா போனபோது அதுவும் கூடவே போயிற்று.

1948-ல் பழைய மெட்ராஸ் சாலையில் மின்சாரச் சாமான் செய்கிற கம்பெனி ஒன்று திறந்து ஆள் எடுத்தார்கள். கடைசல் வேலை தெரிந்தவர்களை முப்பத்தைந்து வயது வரை எடுத்தார்கள். சில்வெஸ்டருக்கு அந்த வேலை தெரியும். சான்றிதழைக் காட்டி உள்ளே போய்விட்டார். தொழில் தெரியாத ஆளுக்கு முப்பது முடிந்திருக்கக் கூடாது. முனிராஜுக்கு முப்பத்து நாலு நடந்துகொண்டிருந்தது. அவருக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒருவர் முப்பத்தொன்று என்று உண்மையைச் சொன்னார். அவரை மரியாதையாக வெளியே அனுப்பினார்கள். முனிராஜ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கிளார்க் சுப்ரமணியன் பேனாவோடு நிமிர்ந்து, எப்போது பிறந்தாய் என்று கேட்டார்.

"விஷக்காய்ச்சல் வந்து பாதி ஊரு போச்சே சார், அந்த வருஷம். அதான் இப்படி வத்தலா நிக்கறேன்," என்றார் முனிராஜ்.

சுப்ரமணியனின் சொந்த அத்தை அந்தக் காய்ச்சலில் போனவள். அவர் பேனாவைக் கீழே வைத்து ஒரு நிமிஷம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு எடுத்து 1918, நவம்பர் என்று எழுதினார். கம்பெனி டாக்டர் பல்லைப் பார்த்தார், ஒற்றைக் காலில் நொண்டிக் காட்டச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். பேக்கிங் பகுதியில், மரப்பெட்டிக்கு ஆணி அடிக்கிற வேலை.

அன்று வீட்டுக்கு வந்ததும் முனிராஜ் மனைவியிடம் சொன்ன முதல் வார்த்தை வேலை கிடைத்ததைப் பற்றி இல்லை. "பாஞ்சாலி, இன்னிலேர்ந்து நான் உனக்கு ஒரு வயசுதான் பெரியவன். பாத்து மரியாத குடு."

இப்படிக் குறைந்த நாலு வயதுக்கு ஒரு செலவும் இருந்தது. சில்வெஸ்டர் மறுநாளிலிருந்து அவரைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தார். கம்பெனிக்குள், காபி வரிசையில், சங்கக் கூட்டத்தில், எங்கேயும் தம்பிதான். ரெகார்டு அப்படித்தான் சொல்கிறது, மரியாதையாக அண்ணன் என்று கூப்பிடு என்பார். நாலு பேர் நடுவில் முனிராஜால் மறுக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு "சரிண்ணே" என்பார். வீட்டுக்கு வந்து பாஞ்சாலியிடம், அவனுக்கு அரை நாள் முன்னால் பிறந்தவன் நான் என்று பொருமுவார்.

அதைக் கேட்கும்போதெல்லாம் பாஞ்சாலிக்குச் சிரிப்பு வரும். கூடவே ஒரு பயமும் வரும். கம்பெனியில் ஐம்பத்தைந்து முடிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டு வயதின்படி அது 1969. ரெகார்டின்படி 1973. மூத்தவள் ஜகதாம்பாளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. கடைக்குட்டி அசோகன் 1951-ல் பிறந்தவன். தகப்பன் அறுபத்தொன்பதில் வேலையை விட்டு வந்தால் பையன் கல்லூரி வாசலோடு நின்றுவிடுவான். எழுபத்து மூன்றில் வந்தால் பட்டம் வாங்கிவிடுவான். அந்தச் சந்தில் அதுவரை பட்டம் என்றால் சங்கராந்திக்கு விடுவதுதான். சுப்ரமணியனின் பேனாவில் வந்த அந்த நாலு வருஷம் அவளைப் பொறுத்தவரை முனிராஜுடையது இல்லை, அசோகனுடையது.

அந்த நாலு வருஷத்துக்கு ஆபத்து 1957 ஜனவரியில் வந்தது. அதன் பெயர் நாராயணசாமி.

அவர் புதிதாக வந்த வெல்ஃபேர் ஆபீசர். காலேஜ் நாளில் ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கியவர் என்று பேச்சு. இப்போது தொப்பையும் முன் வழுக்கையுமாக இருந்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களின் ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தவர், முனிராஜின் ஃபைலில் நின்றுவிட்டார். ஆளைக் கூப்பிட்டு அனுப்பினார். நரைத்த மீசையை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"நீயும் நானும் ஒரே வருஷம்னு போட்டிருக்கு. எனக்கு முப்பத்தெட்டு. உன்னப் பார்த்தா அப்படித் தெரியலையேப்பா?"

பெட்டி தூக்கித் தூக்கி இப்படி ஆகிவிட்டது என்று முனிராஜ் ஏதோ முனகினார். வயதில் சந்தேகம் உள்ளவர்களை டாக்டர்களிடம் அனுப்பி எலும்பைப் பார்த்து வயதைச் சொல்லச் சொல்லப்போவதாக ஆபீசர் சொன்னார். பிறகு என்ன தோன்றியதோ, சிரித்தார். அதற்கு முன்னால் ஒன்று செய்யலாம், குடியரசு தினத்தன்று ஸ்போர்ட்ஸில் என்னோடு நூறு கஜம் ஓடு, என்னைத் தோற்கடித்தால் நம்பிவிடுகிறேன் என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, வினையாகச் சொன்னாரா என்று முனிராஜுக்குப் புரியவில்லை. மூன்று வாரம் இருந்தது.

முதல் காரியமாக மீசையை எடுத்துவிட்டு வந்தார். இளமையாகத் தெரியும் என்று எண்ணம். பாஞ்சாலி கதவைத் திறந்தவள் ஒரு அடி பின்வாங்கினாள்.

"இன்னாயா, செத்துப்போன மாமனார் மாதிரி கீறே?"

மீசையைத் திரும்ப வளர்க்க நேரமில்லை. ஓட்டத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது. மறுநாள் விடிந்ததும் அல்சூர் ஏரிக்கரைக்குப் போனார். தனியாக ஓடினால் பார்க்கிறவர்கள் எதையோ திருடிக்கொண்டு ஓடுகிறான் என்று நினைக்கக்கூடும். அதனால் ஏரியைச் சுற்றி ஓடுகிற பட்டாளத்துப் புதுப் பையன்களின் கடைசி வரிசையில் சேர்ந்துகொண்டார். இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் கூட ஓடி வந்த ஹவல்தார் திரும்பிப் பார்த்து, கால்சட்டையும் பனியனுமாகக் கடைசியில் மூச்சு வாங்குகிறவரை இந்தியில் கன்னாபின்னாவென்று திட்டினார். யார் நீ என்று கேட்டு விரட்டுவார் என்று முனிராஜ் பயந்தார். ஹவல்தார் அதைக் கேட்கவில்லை. முழங்காலைத் தூக்கு என்றுதான் கத்தினார். அதிலிருந்து தினமும் திட்டு வாங்கினார். வீட்டுக்கு வந்து, தன்னைப் புது ஆள் என்றே நினைத்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். சொல்லிவிட்டுத் தரையில் படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை. பாஞ்சாலி முழங்காலுக்கு விளக்கெண்ணெய் போட்டு உருவி விட்டாள். சில்வெஸ்டர் பீடியும் கைக்கடிகாரமுமாக ஏரிக்கரைக் கல்லில் உட்கார்ந்து நேரம் பார்த்துச் சொன்னார். மற்றபடி அவர் செய்த உதவி, தம்பி தம்பி என்று கூப்பிட்டது.

ஸ்போர்ட்ஸ் அன்று காலை முனிராஜ் குளித்துவிட்டு, தெருக்கோடி மாரியம்மன் முன்னால் நின்றார். பாஞ்சாலியும் கூட இருந்தாள். தன்னை இன்று காப்பாற்றினால் ஐம்பது வயது முடிந்ததும் கோயிலைச் சுற்றி அங்கப்பிரதட்சிணம் செய்வதாக வேண்டிக்கொண்டார். வெளியே வந்ததும் பாஞ்சாலி, காரியம் இன்றைக்கு, கடன் ஐம்பது வயதுக்கா என்று கேட்டாள். அதற்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. ஐம்பதில் முழங்கால் போய்விடும். உருளுவதற்கு முழங்கால் வேண்டாம். கோயிலையும் யோசித்துத்தான் பிடித்திருந்தார். சோமேசுவரர் கோயிலுக்குப் பிராகாரம் நீளம். மாரியம்மனைச் சுற்ற முப்பது உருளல் போதும்.

மைதானத்தில் குடும்பங்களுக்குத் தனியாகக் கயிறு கட்டி இடம் விட்டிருந்தார்கள். நாற்பது தாண்டியவர்களுக்கு 'வெட்ரன்ஸ் ரேஸ்' என்று ஒன்று அந்த வருஷம் புதிது. ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் சரியாகக் காதில் விழாமல், எல்லாரும் அதை 'வெட்டி ரேஸ்' என்றார்கள். வெட்டி ரேஸுக்கு முதல் பரிசு ஒரு எவர்சில்வர் குடம். வெயிலில் அது மேஜை மேல் உட்கார்ந்து பளபளத்தது. பாஞ்சாலிக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஏரிக்கரையில் மூன்று வாரம் ஓடினவர், நாற்பத்திரண்டு முடிந்தவர், இங்கேதான் நிற்கிறார். ஆனால் ரெகார்டின்படி அவர் முப்பத்தெட்டு வயதுச் சின்னப் பையன், அதில் ஓடக் கூடாது. ஏரிக்கரைக் கல்லில் உட்கார்ந்து பீடி குடித்ததைத் தவிர வேறு பயிற்சி இல்லாத சில்வெஸ்டர் ஓடினார். ஜெயித்தார். அவருடைய மனைவி ஜோசஃபின் அந்தக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அசோகனைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டாள். அசோகனும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

அடுத்தது ஆபீசரும் முனிராஜும். சும்மா ஒரு தமாஷ் பந்தயம் என்று ஒலிபெருக்கி சொன்னது. நாராயணசாமி முள் வைத்த பழைய பூட்சை எங்கிருந்தோ தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். முனிராஜ் வெறுங்கால். பாஞ்சாலி கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அங்கே இரண்டு பேர் ஓடுவதாகத் தெரியவில்லை. 1973-ம் 1969-ம் ஓடுவதாகத்தான் தெரிந்தது.

விசில் ஊதியதும் ஆபீசர் பாய்ந்தார். காலேஜ் பரிசு பொய்யில்லை. ஐம்பது கஜத்தில் முனிராஜ் நாலு எட்டு பின்னால் இருந்தார். அறுபதில் ஆபீசரின் தொப்பை அவருக்கு ஒரு பக்கமும் மூச்சு இன்னொரு பக்கமும் போக ஆரம்பித்தன. எண்பதில் இரண்டு எட்டுதான் வித்தியாசம். கடைசிப் பத்து கஜத்தில் மழைத்தண்ணீர் போகிற வாய்க்கால் ஒன்று மைதானத்தை அறுத்துக்கொண்டு போயிருந்தது. பந்தயத்துக்காக அதை மண்ணால் மூடியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஓடினவர்களின் காலில் மண் உள்வாங்கியிருந்தது. ஆபீசர் அதைப் பார்த்ததும் எட்டைக் குறைத்தார், மிதிக்கலாமா என்று யோசித்தார். முனிராஜ் யோசிக்கவில்லை. அவருடைய வலது கை தானாகக் கால்சட்டையைத் தூக்கியது. அதைப் பார்த்ததுமே பாஞ்சாலிக்குத் தெரிந்துவிட்டது. கயிற்றை விட்டுவிட்டாள்.

தப்... தப். ம்ஹ்.

ஆபீசர் புல்லில் மல்லாந்து கிடந்தார். யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். "ஒரே வயசு," என்று அவர் வானத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரே வயசு. நான் என் உடம்ப இப்படி ஆக்கி வச்சிருக்கேன்." மறுநாள் ஃபைலில் வயது சரிபார்க்கப்பட்டது என்று எழுதி மூடிவிட்டதாக சுப்ரமணியன் வந்து சொன்னார்.

அத்தோடு தீர்ந்தது என்று முனிராஜும் பாஞ்சாலியும் நினைத்தார்கள். திங்கட்கிழமை விடிகாலை ஆறு மணிக்கு வாசலில் சைக்கிள் மணி அடித்தது. நாராயணசாமி கான்வாஸ் ஷூவோடு நின்றார். தன் வயதுக்காரன் ஒருவனால் முடிகிறபோது தன்னாலும் முடிய வேண்டும் என்றும், தினமும் சேர்ந்து ஓடலாம் என்றும் சொன்னார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? முப்பத்தெட்டு வயதுக்காரன் சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் முனிராஜிடம் இல்லை.

பதினொரு வருஷம் அந்த மணி அடித்தது.

முனிராஜ் தப்பிக்கப் பார்க்காமல் இல்லை. வயிற்று வலி என்றார். ஆபீசர் ஓமத் திரவம் வாங்கி வந்தார். முழங்கால் வலி என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டார். நம் வயதிலேயே முழங்கால் வலிக்கக் கூடாது என்று ஆபீசர் இன்னும் ஒரு சுற்று சேர்த்தார். மழை பெய்தால் முனிராஜ் சந்தோஷமாகப் போர்த்திக்கொண்டு படுப்பார். மணி அடிக்கும். ஆபீசர் குடையோடு நிற்பார். வருஷம் போகப் போக நாராயணசாமியின் தொப்பை இறங்கியது. பேன்ட்டை இரண்டு தடவை பிடிக்கக் கொடுத்தார். முனிராஜுக்கு ஓடுவது பழகிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்காது. அன்றைக்குப் பொழுது போகாமல் சந்துக்கும் வீட்டுக்கும் நடந்து பாஞ்சாலியின் வேலையைக் கெடுத்தார்.

1960 கடைசி வாக்கில் ஒரு நாள் காலை பாஞ்சாலி களி கிண்டுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். 'தப்... தப்' மட்டும் கேட்டது. 'ம்ஹ்' இல்லை. போனது எப்போது என்று அவளுக்கு நினைவுபடுத்த முடியவில்லை. இது எந்த வயது? நாற்பத்தாறா, நாற்பத்திரண்டா? ஒரு மனிதர் பொய்யாக ஒரு வயதைச் சொல்லி, அது வெளியே தெரியக் கூடாதே என்று தினமும் ஓடி, கடைசியில் உடம்பு அந்தப் பொய்யையே உண்மையாக்கிவிட்டால், ஆரம்பத்தில் சொன்னது பொய்தானா? இதை யாரிடம் கேட்பது? அசோகன் மூன்றாம் வகுப்பில் இருந்தான். அவனுக்குக் கழித்தலே வரவில்லை.

குடத்து விஷயம் மட்டும் அவள் மனதில் ஆறவில்லை. ஜோசஃபின் தினமும் இரண்டு வேளை அதை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வாசலைத் தாண்டிக் குழாய்க்குப் போனாள். 1958 நவம்பரில் ரெகார்டுக்கு நாற்பது முடிந்ததும், அடுத்த வெட்டி ரேஸில் முனிராஜ் ஓடி முதலாவதாக வந்தார். அந்த வருஷம் முதல் பரிசு அலுமினியம் டிபன் பாக்ஸ்.

1964-ல் வீட்டு வயது ஐம்பது முடிந்தது. பாஞ்சாலி வேண்டுதலை நினைவுபடுத்தினாள். முனிராஜ் சவரம் செய்துகொண்டிருந்தார். பதில் சொல்லக் கத்தியைக்கூட நிறுத்தவில்லை.

"எனக்கு நாப்பத்தாறுதானே? அம்மனும் ரெகார்டதான் பாக்கும்."

"அம்மனுக்குச் சுப்ரமணியனா எழுதிக் குடுத்தாரு?"

"அன்னிக்கு அம்மன் காப்பாத்தினது எந்த வயச? ரெகார்டு வயச. அப்ப அதுக்குத் தெரியாதா?"

 இதில் எங்கேயோ ஒரு கோணல் இருக்கிறது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. நாலு வருஷம் தவணை கிடைத்தது. அதற்குள் 'ம்ஹ்' திரும்பி வந்துவிட்டது.

1968 நவம்பரில் ரெகார்டுக்கும் ஐம்பது முடிந்தது. முனிராஜ் சத்தம் காட்டாமல் இருந்து பார்த்தார். ஆனால் எப்போதோ ஏரிக்கரையில் ஓடிக்கொண்டே நாராயணசாமியிடம் இந்த வேண்டுதலைச் சொல்லி வைத்திருந்தார். காரணத்தை மட்டும் மாற்றி, பையன் படிப்புக்காக என்று. அது ஆபீசருக்கு மறக்கவில்லை. நமக்கு ஒரே வருஷம் ஐம்பது, நானும் கூட உருளுகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் குறித்துவிட்டார்.

அன்று காலை இரண்டு பேரும் குழாயடியில் குளித்து, ஈர வேட்டியோடு கோயில் வாசலில் கிழக்குப் பக்கம் படுத்தார்கள். கையைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டார்கள். சில்வெஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு மதில் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார். சாமி வேறாக இருந்தாலும் சாட்சி நான்தான், தம்பி நேராக உருளு என்றார். பாஞ்சாலி பக்கத்திலேயே நடந்து, சுவரில் முட்டாமல் தோளைத் தள்ளித் தள்ளி வழி காட்டினாள்.

கிழக்கும் தெற்கும் முடிந்தன. மேற்கில் முனிராஜின் கண் சொருகியது. ஆபீசர் முன்னால் போய்விட்டார். தொப்பை இல்லாததால் மரக்கட்டை மாதிரி உருண்டார். வடக்குப் பக்கம் திரும்பினால், அங்கே அபிஷேகத் தண்ணீர் வெளியே போவதற்கு ஒரு சின்னச் சாக்கடை குறுக்கே ஓடியது. அரை முழ அகலம். மஞ்சளும் பாலும் கலந்து அன்றைக்கு நிறைய ஓடிக்கொண்டிருந்தது. நாராயணசாமி அதன் மேல் தொபக்கென்று விழுந்து, முகமெல்லாம் மஞ்சளாக அந்தப் பக்கம் உருண்டு போனார்.

முனிராஜ் அதன் ஓரம் வரை வந்தார். நின்றுவிட்டார்.

பாஞ்சாலி குனிந்து தோளைத் தள்ளினாள். நகரவில்லை. முப்பது வருஷமாகச் சாக்கடை என்றால் தாவுவதுதான் அவருக்குத் தெரியும். படுத்துக்கொண்டு தாவ முடியாது. அவருடைய வலது கை கூப்பியதிலிருந்து பிரிந்து வந்து, வேட்டியை முழங்கால் பக்கம் லேசாகத் தூக்கியது. பிறகு அந்தக் கையும் அப்படியே கிடந்தது.

"தலை சுத்துது பாஞ்சாலி," என்றார். "உலகமே அல்சூர் ஏரி மாதிரி சுத்துது."

ஒரு சுற்றை முடித்த நாராயணசாமி எழுந்து, மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை.  ஒரே வயதுக்காரர்களில் ஒருவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் கிடக்கிறார். அசோகன் அப்போதுதான் கல்லூரியில் பி.யூ.சி. சேர்ந்திருந்தான்.

ஆபீசர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்பத்துநாலு வயசுக்கு மூணு பக்கமே ஜாஸ்தி முனிராஜ். மீதிய ரிட்டயர் ஆன அப்புறம் முடி. ரெகார்டுப்படி இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு."

முனிராஜ் கண்ணைத் திறந்தார். பாஞ்சாலி சில்வெஸ்டரைப் பார்த்தாள். சில்வெஸ்டர் மதிலைப் பார்த்தார். விஷயம் அங்கேயே வெளியே வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் தன் பிறந்த நாள் கேக்கை ஆபீசரிடம் நீட்டியபோது, ஒரே மருத்துவச்சி இரண்டு வீட்டுக்கும் ஓடின கதையை சில்வெஸ்டர் வாய் அடங்காமல் சொல்லியிருக்கிறார். தேதியோடு.

"எட்டு வருஷமாத் தெரியுமா சார்?" என்றார் முனிராஜ், படுத்தபடியே.

"தெரியும்."

"ஏன் சார் சொல்லல?"

"சொன்னா நீ ஓடறத நிறுத்தியிருப்ப," என்றார் நாராயணசாமி. வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே யோசித்தார். "நீ நிறுத்தினா நானும் நிறுத்தியிருப்பேன். நம்மவிட நாலு வயசு பெரியவன் முன்னாடி ஓடறானேன்னுதான் தினமும் எழுந்து வந்தேன். அந்த ஃபைல நான் மூடினது மூடினதுதான், விடு."

 எட்டு வருஷமாக மழையில்கூட ஓட வைத்தீர்களே சார் என்று மட்டும் முனிராஜ் குறைப்பட்டுக்கொண்டார்.

அவரை எழுப்பி இரண்டு பக்கமும் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வாசலுக்கு வந்ததும் முனிராஜ் சாக்கடையைப் பார்த்தார், பாஞ்சாலியைப் பார்த்தார். இரண்டு எட்டு தள்ளிப் போய், முதல் தடவையாகக் கல்லின் மேல் கால் வைத்து வந்தார். கல் ஆடவில்லை. பாஞ்சாலி கதவுத் தாழ்ப்பாளைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. ஆறு மணிக்கு முன்னாலேயே அவள் விழித்துக்கொண்டாள். இனி ஓட வேண்டிய அவசியம் இல்லை. பயப்படுத்த ஆள் இல்லை, ஏமாற்றவும் ஆள் இல்லை. பக்கத்துப் பாயில் முனிராஜும் கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் மணி அடித்தது. ஒரே ஒரு தடவை, முன்னைவிட மெதுவாக, வந்தால் வா என்கிற மாதிரி.

முனிராஜ் போர்வையை இழுத்துக் கழுத்து வரை போர்த்திக்கொண்டார். பிறகு அதை உதறிவிட்டு எழுந்தார். கால்சட்டையை மாட்டிக்கொண்டே, அந்த ஆள் தனியாக ஓடினால் எதையாவது திருடிக்கொண்டு ஓடுகிறான் என்று நினைப்பார்கள் என்றார். பாஞ்சாலி சரி என்றாள். கதவு திறந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

தப்... தப்... ம்ஹ்.

அந்த வார வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் வாராவாரம் மாரியம்மன் கோயிலுக்குப் போய் வடக்குப் பக்கத்தில், அந்தச் சின்னச் சாக்கடைக்கு இந்தக் கரையில், ஒரு கற்பூரம் ஏற்றி வைக்கிறாள். அசலை அவர் வந்து அடைப்பார் தாயே, இது வட்டிக்கு என்று சொல்லிக்கொள்கிறாள். முனிராஜிடம் கேட்டால் எழுபத்து மூன்றில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். கிழக்கு, தெற்கு, மேற்கு அடைந்துவிட்டன. வடக்குப் பக்கம் இன்னும் பாக்கி.